ஆடு மேய்க்க ஒரு பள்ளிக்கூடம்

"படிக்காவிட்டால் ஆடு மேய்க்கத்தான் போகவேண்டும்" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நம் வீடுகளில் வழக்கம். ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாவிலோ, ஆடு மேய்க்கவே படிக்கிறார்கள். 2010இல் அங்கே மேய்ப்பர் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. முதிய மேய்ப்பர்கள் ஓய்வுபெறும்போது மந்தையை ஏற்க வாரிசு இல்லை என்பதே அதற்குக் காரணம். மந்தையை விற்றுவிடலாம், அதை நடத்திய அறிவை யாரிடம் ஒப்படைப்பது?

வகுப்பறைப் பாடம் முடிந்ததும் மாணவர் அனுபவமிக்க மேய்ப்பர் ஒருவருடன் மலையேறுகிறார். கிராசலேமா மலைத்தொடருக்கே உரிய 'பயோயா' வெள்ளாட்டினம் அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவிக்கப்பட்ட ஒன்று. வெள்ளாடு புல்லைவிடப் புதரையும் தழையையும் விரும்பும். அப்பழக்கத்திற்கும் அங்கே விலையுண்டு: காட்டுத்தீத் தடுப்புப் பட்டைகளில் புதர்களை மேய்ந்து குறைக்கும் மந்தைகளுக்கு மாநில அரசு பணம் தருகிறது, மேய்ந்த அளவைச் சோதித்துப் பார்த்துத்தான்!

பாலாடைக்கட்டி செய்வதில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. இளஞ்சூடான பாலில் ரென்னெட் என்னும் நொதியைச் சேர்த்தால் முக்கால் மணி நேரத்திற்குள் பால் உறைந்துவிடும். எப்போது கத்தி வைப்பது என்பதைக் கடிகாரம் மட்டும் சொல்லிவிடாது. விரலை நுழைத்து உயர்த்தும்போது உறைந்த பால் சுத்தமாகப் பிளக்க வேண்டும். நெடுநாள் முதிர வேண்டிய கட்டிக்கு அதை அரிசிமணி அளவுக்கு நறுக்கி, அச்சிலிட்டு அழுத்தி, உப்பு நீரில் ஊறவைக்கிறார்கள். முன்பு எஸ்பார்ட்டோ புல்லால் பின்னிய பட்டையே அச்சு. அப்பின்னலின் தடம் இன்றும் பல கட்டிகளின் பக்கங்களில் பதிந்திருக்கும். பின்னர் மாதக்கணக்கில் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். கிராசலேமாவில் பன்றிக்கொழுப்பும் கோதுமைத் தவிடும் பூசி முதிரவைப்பதும் உண்டு.

ஒரு கிலோ முதிர்ந்த கட்டிக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். பாலாகவே விற்றால் பணம் விரைவில் கைக்கு வரும், ஆனால் குறைவாக. கட்டியாக்கினால் விலை கூடும். அதுவரை முதல் அலமாரியில் முடங்கிக் கிடக்கும், தீவனச் செலவோ காத்திராது. ஆகவே புதிதாகத் தொழிலில் இறங்குபவர் பாலின் ஒரு பகுதியைச் சில நாட்களிலேயே விற்கக்கூடிய இளங்கட்டியாகச் செய்வது நல்லது. வடிந்த தெளிநீரையும் கொட்டிவிடுவதில்லை. அதை மீண்டும் சூடாக்கினால் 'ரெக்கேசோன்' என்னும் மென்மையான திரட்டு மிதந்து வரும். அங்கே அதைத் தேன் விட்டுச் சாப்பிடுகிறார்கள்.