அஸருக்குப் பின்னும் பகல் உண்டு

அஸர் தொழுகையை முடித்துவிட்டுப் பள்ளிவாசலின் ஹவுளுக்கு அருகில் அமர்ந்திருக்கும் பெரியவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்களுள் எவரேனும் ஒருவர், "குமர் காரியம் முடிந்தது, பையன் சம்பாதிக்கிறான், கடையையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி மவுத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதுதானே!" என்று பெருமூச்சு விடக் கேட்டிருப்பீர்கள். ஒருவேளை அந்தப் பெருமூச்சு உங்களுடையதாகவே இருக்கலாம்.

மவுத்தை நினைவில் கொள்வது நன்று. ஆனால், அதற்காகக் கைகட்டிக் காத்திருக்குமாறு மார்க்கம் நமக்குச் சொல்லவில்லை. திருமறையின் அஹ்காஃப் அத்தியாயம் மனிதனின் நாற்பதாவது வயதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த வயதை எய்தியவன் ஓய்வை வேண்டி இறைஞ்சவில்லை. பெற்ற அருளுக்கு நன்றி செலுத்தவும், இறைவன் உவக்கும் நற்செயல் புரியவும் தனக்கு அருளுமாறே அவன் இறைஞ்சுகிறான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதல் இறைச்செய்தி அருளப்பட்டபோது அவர்களின் வயது நாற்பது. உலகை மாற்றிய அந்தத் திருப்பணி முழுவதும் அதன் பின்னர் வந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் நிறைவேறியது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

"அது நபித்துவத்தின் சிறப்பு, எங்களைப் போன்ற எளியவர்களுக்கு அது எப்படிப் பொருந்தும்?" என்று நீங்கள் வினவலாம். அப்படியாயின், ஒரு கைவினைஞரின் வாழ்வை நோக்குவோம்.

துருக்கி நாட்டில் கைசேரி நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில், 1490ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர் சினான். கிறிஸ்தவக் குடும்பத்தில் தோன்றிய அவர், உஸ்மானியப் பேரரசின் வழக்கப்படி இளமையிலேயே அரச பணிக்கு எடுக்கப்பட்டு, இஸ்லாத்தைத் தழுவிப் படைவீரரானார். அவருடைய இளமையும் நடுவயதும் பாசறைகளிலும் போர்க்களங்களிலும் கழிந்தன. 1538ஆம் ஆண்டு, படை கடந்து செல்வதற்காக புரூத் ஆற்றின் மீது விரைந்து பாலம் அமைத்துப் பாராட்டுப் பெற்றார். அதன் பிறகே தலைமைக் கட்டடக் கலைஞர் என்னும் பதவி அவரை வந்தடைந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. நம்மவர்கள் கணக்கை முடிக்க எண்ணும் வயதில் அவர் கணக்கைத் தொடங்கினார்.

இஸ்தான்புல்லில் 1548இல் நிறைவுற்ற ஷெஹ்ஸாதே பள்ளிவாசல் தமது மாணவப் பருவத்தின் படைப்பு என்றும், 1557இல் நிறைவுற்ற சுலைமானியா பள்ளிவாசல் தேறிய தொழிலாளியின் படைப்பு என்றும், எதிர்னே நகரின் சலீமியா பள்ளிவாசலே ஆசானின் படைப்பு என்றும் அவர் கூறியதாக வழங்கி வருகிறது. இவற்றை அவருடைய வயதோடு பொருத்திப் பாருங்கள். ஐம்பத்தெட்டை நெருங்கியவர் தம்மை மாணவர் என்று எண்ணுகிறார்! சலீமியாவின் வேலை தொடங்கியபோது அவர் எண்பதை நெருங்கிக் கொண்டிருந்தார். எட்டுப் பெருந்தூண்கள் தாங்கும், சுமார் 31 மீட்டர் குறுக்களவு கொண்ட அதன் குவிமாடம், 2011ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்ட அந்தப் பள்ளிவாசலின் மீது இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

அவர் பாதையில் இடையூறுகளும் இல்லாமல் இல்லை. இஸ்தான்புல் மக்களுக்குக் குடிநீர் கொண்டுவர அவர் அமைத்த கால்வாய்ப் பாலங்களை 1563ஆம் ஆண்டின் பெருவெள்ளம் சிதைத்தது. எழுபதைக் கடந்த அந்த முதியவர் மனமுடைந்து மூலையில் முடங்கவில்லை. மீண்டும் கட்டினார், நீர் நகரை அடைந்தது. 1588இல் இறையடி சேரும் வரை, மூன்று சுல்தான்களின் காலத்திலும் அந்தப் பொறுப்பை அவரே வகித்தார்.

இந்த வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? முற்பாதி வாழ்வு வீணாவதில்லை. படையில் ஆற்றுக்குப் பாலம் கட்டிய கைகளே பின்னர் பள்ளிவாசலுக்குக் குவிமாடம் எழுப்பின. நீங்கள் சபராளியாய்க் கடல் கடந்து உழைத்த ஆண்டுகளும், கடையில் தராசு பிடித்த ஆண்டுகளும், தாய்மார்களே, அடுப்படியில் நீங்கள் கழித்த ஆண்டுகளும் அத்தகைய பயிற்சியே. அந்தப் பயிற்சியைக் கொண்டு இனி எதைக் கட்டப் போகிறீர்கள் என்பதே கேள்வி.

எல்லோரும் சினான் ஆக முடியாது என்பது உண்மை. முழங்கால் வலிக்கிறது, கண் மங்குகிறது. ஆயினும், அந்நிய நாட்டில் நீங்கள் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கத் தடை என்ன? சினானும் முதுமையில் தம் வரலாற்றைச் சொல்லச் சொல்ல, சாயீ என்னும் கவிஞர் எழுதி வைத்தார். உங்கள் பேரப்பிள்ளை எழுதமாட்டானா? தையலும் தச்சும் அறிந்தவர்கள் தெருவிலுள்ள இரண்டு இளைஞர்களுக்கு அத்தொழிலைக் கற்றுக் கொடுக்கலாகாதா? சினானிடம் பயின்ற மெஹ்மத் ஆகாதான் பிற்காலத்தில் சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலைக் கட்டினார். ஆசான் மறைந்த பின்னரும் அவருடைய கல்வி வேலை செய்தது.

மனிதன் மறைந்த பின்னும் அவனைத் தொடரும் மூன்றில், நிலைத்து நிற்கும் தருமத்தையும் பயன் தரும் கல்வியையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியுள்ளார்கள். மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடுமாறு அறிவுறுத்தியவர்களும் அவர்களே. அது காய்க்குமா, கனியை உண்பவர் யார் என்பன நமது கவலைகள் அல்ல. நடுவது மட்டுமே நம் வேலை.

இன்று வெள்ளிக்கிழமை. அஸர் தொழுத பின் திண்ணையில் அமரும்போது வானத்தைப் பாருங்கள். மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஓர் எழுத்தையேனும் எழுத, ஒரு பிள்ளைக்கேனும் கற்றுக் கொடுக்க, ஒரு கன்றையேனும் நட அந்த வெளிச்சம் போதும். வல்ல நாயன் அதற்கு நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.