வெற்று ஆசனங்களின் பழி

தோல்வியுறும் கோஷ்டியைக் கைவிடுபவன் உண்மை இரசிகனல்லன் என்பர். இக்கூற்றை நாம் முற்றாக ஏற்பதற்கில்லை. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் நிகழ்ந்ததைப் பாருங்கள்.

1968இல் அங்கு குடிபுகுந்த 'அத்லெட்டிக்ஸ்' என்னும் பேஸ்போல் கோஷ்டி, 1972, 1973, 1974, 1989 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டின் தலைசிறந்த பட்டத்தை வென்று புகழீட்டியது. 2022இலோ சிறந்த ஆட்டக்காரர் பலர் பிற கோஷ்டிகளுக்கு மாற்றப்பட்டனர். மறு ஆண்டில் 162 ஆட்டங்களில் 112இல் தோல்வி! வெறுப்புற்ற இரசிகர்கள் வீட்டிலேயே தங்கினர். கோஷ்டியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுசெல்ல உரிமையாளர் முற்பட்டார்.

"காண வருவாரில்லை" என்ற பழியைத் துடைக்க, 2023 ஜூன் 13ஆந் திகதி இரவு 27,759 பேர் அரங்கிலே திரண்டனர். "கோஷ்டியை விற்றுவிடு!" என முழங்கினர். அன்று கோஷ்டியும் வென்றது. உரிமையாளர் மனமோ மாறவில்லை. 2024 செப்டெம்பர் 26ஆந் திகதி, 46,889 பேர் முன்னிலையில் ஓக்லண்டின் இறுதியாட்டம் நடந்தேறியது.

முயன்று தோற்றவரை இரசிகன் மன்னிப்பான். முயலாதார்க்கு அவன் ஏன் பணங்கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்? ஆசனங்கள் வெறுமையாயின், பழியை அவன்மீது சுமத்துமுன் கோஷ்டியை நடத்துவோரை விசாரிப்பதே நீதியென்போம்.