மண் பிடித்து வைத்த பாதரசம்

தர்மாமீட்டர் கைதவறி உடைந்தால், அதிலுள்ள பாதரசம் முத்து முத்தாகச் சிதறி ஓடும். வாரிக் கொல்லை மண்ணில் கொட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் பலர். கோட்டூர்புரத்தில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள். பூமாதேவி பொறுமைசாலிதான், ஆயினும் பாதரசத்தை அவள் ஜீரணிப்பதில்லை. கொடைக்கானல் மலையில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்னும் ஊரிலிருந்த ஒரு தர்மாமீட்டர் ஆலையைப் பெயர்த்து வந்து, 1983-ல் பாண்ட்ஸ் கம்பெனியார் கொடைக்கானலில் நிறுவினார்கள். பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் அயல்நாட்டிலிருந்து வந்தது. செய்த கருவிகளும் பெரும்பாலும் அயல்நாட்டுக்கே போயின. கழிவு மாத்திரம் நம்மிடம் தங்கியது! 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவிந்து கிடப்பது வெளிப்பட்டது. ஊரார் கிளர்ச்சி செய்தார்கள், ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. மண்ணில் கலந்ததையோ அவ்வாறு மூட்டை கட்ட இயலவில்லை.

காரணம் இதுதான். பாதரசத்துக்குக் கந்தகத்தின்மேல் அபாரமான பற்று. நமது சித்த வைத்தியர்கள் இதை நன்கறிவார்கள். இரண்டையும் கல்வத்திலிட்டு அரைத்தால் கரிய பொடியாகும். அதைப் பக்குவமாக எரித்தெடுத்தால் செந்நிறச் சாதிலிங்கம் கிடைக்கும். பூமிக்குள்ளும் பாதரசம் பெரும்பாலும் இச்சாதிலிங்கக் கல்லாகவே அமைந்திருக்கிறது. ஸ்பெயின் தேசத்து அல்மாதேன் சுரங்கத்தில் அக்கல்லைக் காய்ச்சித்தான் நெடுங்காலம் பாதரசம் எடுத்தார்கள்.

மண்ணில் விழுந்த துளியில் ஒரு பகுதி ஆவியாகிப் போகிறது. எஞ்சியது காற்றும் ஈரமும் பட்டு மெல்ல மெல்ல உருமாறுகிறது. உருமாறியதை மட்கிய இலைதழையிலுள்ள கந்தகம் இறுகப் பற்றிக் கொள்ளும். களிமண்ணும், செம்மண்ணுக்கு நிறம் தரும் இரும்புத் தாதுக்களும் தம் பங்குக்குப் பிடித்து வைக்கும். பருமணலுக்கு இந்தச் சக்தி குறைவு. சோலைக்காட்டு மண்ணில் மட்கு மிகுதியாதலால், பாதரசம் ஆழத்துக்கு இறங்காமல் மேல்மண்ணிலேயே பெரிதும் தங்குகிறது.

நல்லதுதானே என்று கேட்கலாம். மலைச்சரிவில் மழை பெய்தால் முதலில் அரித்துச் செல்லப்படுவது அந்த மேல்மண்ணின் நுண்துகள்தான்! ஆலை இருந்த மேட்டின் கீழே பாம்பார் சோலை. பாம்பாறு கும்பக்கரையில் அருவியாக விழுந்து சமவெளி சேர்கிறது.

நீரடிச் சேற்றில் வேறொரு விபரீதம் நிகழக்கூடும். எங்கள் அடையாற்றங்கரையில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் கருஞ்சேற்றை நேயர்கள் கண்டிருப்பார்கள். (அங்கே பாதரசம் இருப்பதாக நான் சொல்ல வரவில்லை, சேற்றின் தன்மைக்காகக் கூறுகிறேன்.) காற்றுப் புகாத அத்தகைய சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனில் ஏறி, மீனைத் தின்பவர் நரம்பைத் தாக்குவது. ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956-ல் கண்டறியப்பட்ட கொடிய வியாதி இப்பொருளால் விளைந்ததே. அங்கே ஆலையின் கழிவுநீரே அதைக் கடலில் சேர்த்தது.

கொடைக்கானல் மண்ணைக் கழுவியும், கழுவிப் பிரித்த நுண்மண்ணைச் சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்கியும் சுத்தம் செய்வதென்று திட்டம் வகுத்தார்கள். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்ற அளவு. இது மிக அதிகம் என்பது எதிர்ப்பாளர் கட்சி. இன்னும் தோண்டினால் மரங்கள் அழிந்து மண் அரிக்கும் என்பது கம்பெனியின் கட்சி. இரண்டாவது வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் மரத்தைக் காட்டிச் செலவைக் குறைக்கிறார்களோ என்று ஜனங்கள் சந்தேகிப்பதில் வியப்பில்லை. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி சமரசம் செய்து கொண்டது. மலைக்குக் கீழே வாழ்பவர்களுக்கு அதில் பங்கில்லை. மழைக்காலந்தோறும் பாம்பாற்று வண்டலையும் மீனையும் சோதித்து, கண்ட அளவைத் தமிழில் அச்சிட்டுப் பெரியகுளத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் கேட்பதற்கு உரிமையுள்ள விஷயம் இது.