கதைமாந்தர்க்கும் நரை உண்டு



வாரந்தோறும் வெளிவரும் தொடர்கதை ஒன்றை நீங்கள் ஆண்டுக்கணக்கில் படித்திருப்பீர்கள். கதை தொடங்கிய நாளில் உங்கள் மடியில் தவழ்ந்த குழந்தை, கதை முடியும்போது பள்ளிக்கூடம் செல்லத் தொடங்கியிருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கைத்தடியை நாடத் தொடங்கியிருப்பார். கதையின் நாயகனுக்கோ ஒரு மயிரும் நரைத்திராது. முதல் வாரத்தில் குதிரைமீது எப்படி வந்தானோ, கடைசி வாரத்திலும் அப்படியே நிற்பான்.

நெடுங்காலம் தொடரும் கதையில் மாந்தர்களுக்கு வயது ஏற வேண்டுமா, வேண்டாமா? இது பொழுதுபோக்கான வினாவாகத் தோன்றலாம். ஆனால், முதுமையை நம் பிள்ளைகள் எந்தக் கண்கொண்டு பார்க்கிறார்கள் என்பதோடு இவ்வினாவுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

நாவலும் கல்வெட்டும்

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள எங்கள் கீழப்பழுவூரை வெளியூர் அன்பர்கள் பலரும் ஒரு நாவலின் வாயிலாகவே அறிந்திருக்கிறார்கள். கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1954ஆம் ஆண்டு மே வரை 'கல்கி' வார இதழில் வெளிவந்தது. வாசகர்களுக்கு மூன்றரை ஆண்டுகள் கழிந்தன. கதையின் நிகழ்ச்சிகளோ ஓர் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்கி, ஓராண்டு நிறைவதற்குள் முடிந்துவிடுகின்றன. ஆகவே வந்தியத்தேவன் இளைஞனாகவே இருந்தான். குந்தவை இளவரசியாகவே இருந்தாள்.

அந்நாவலில் முதுமையின் சுமையைத் தாங்குபவர் எங்கள் ஊர்ப்பெயர் கொண்ட பெரிய பழுவேட்டரையர். இருபத்து நான்கு போர்களில் அறுபத்து நான்கு விழுப்புண்கள் பெற்றவர், அறுபது வயதைக் கடந்தவர் என்றே அவர் நமக்கு அறிமுகமாகிறார். அவர் எப்படி முதுமை எய்தினார் என்பதை நாம் காண்பதில்லை. முதியவராகவே கதைக்குள் நுழைகிறார். அந்த வயதில் இளம்பெண்ணை மணந்தார் என்னும் ஏளனப் பேச்சும் அவரோடு சேர்ந்தே நுழைகிறது. வாள் பிடித்த நாற்பது ஆண்டுகளை நாம் உடனிருந்து கண்டிருந்தால், அந்த ஏளனத்தில் அவ்வளவு எளிதாகப் பங்கு கொண்டிருப்போமா?

தொடர் முடிந்தபின் வாசகர்கள் ஆசிரியரைக் கேள்விகளால் சூழ்ந்துகொண்டனர். இவர் பின்னர் என்ன ஆனார், அவர் யாரை மணந்தார் என்றெல்லாம் வினவினர். அதற்கு விடையளிக்கக் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. தாம் நேசித்த மாந்தர்களின் எஞ்சிய வயதையும் அறிந்துகொள்ள மனித மனம் விழைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த எஞ்சிய வயதைச் சொல்பவை கல்வெட்டுகள். கதையிலே இளமை மாறாத குந்தவை, வரலாற்றிலே தம் தம்பி இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்ட காலம் முழுவதையும் கண்டு, தம்பி மகன் இராசேந்திரனின் ஆட்சியிலும் கொடைகள் வழங்கியவர். அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்பதும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டால் தெரியவருகிறது.

பழுவூர் வட்டாரத்துக் கல்வெட்டுகளில் காணப்படும் சிற்றரசர்களின் பெயர்களையும் பாருங்கள்: மறவன் கண்டன், கண்டன் மறவன். தந்தையின் பெயர் முன்னே, மகனின் பெயர் பின்னே. மறவனின் மகன் கண்டன். கண்டனின் மகன் மறவன். பேரன் பாட்டனின் பெயரைச் சுமந்து வருகிறான். ஒருவர் முதுமையடைந்தார், மற்றொருவர் அவ்விடத்துக்கு வந்தார் என்னும் நீண்ட கதையை இரண்டே சொற்கள் சொல்லிவிடுகின்றன. நாவலாசிரியர் காலத்தை நிறுத்திவைத்தார். கல்லில் பொறித்தவரோ மன்னரின் ஆட்சியாண்டை எண்ணிய பிறகே செய்தியைத் தொடங்கினார்.

மேசையைச் சுற்றி ஒரு கதை

மேலைநாட்டில் இதே சிக்கலை வேறொரு வழியில் எதிர்கொண்டவர்கள் உண்டு. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, "நான் இப்போது கோட்டைக்குள் நுழைகிறேன்" என்பதுபோல் கதையை வளர்க்கிறார்கள். ஐயம் எழும் இடத்தில் பகடை முடிவு சொல்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் அச்சில் வந்த முதல் ஆட்டம். ஒரே கதையைப் பத்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து ஆடும் குழுக்களும் உண்டு.

பகடை குறித்து நம் மார்க்க அறிஞர்களின் கருத்தை நீங்கள் அறிவீர்கள். அவ்வாட்டத்தை வீட்டுக்கு அழைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர்கள் வயதுக்கு வகுத்த விதிகளே நம் சிந்தனைக்குரியவை.

ஒரு மாலை முழுவதும் ஆடினாலும் கதைக்குள் ஒரு நாள்தான் கழிந்திருக்கும். ஆடுவோர் தந்தையராகிவிடுவர், அவர்களின் வீரனோ இருபது வயதிலேயே நிற்பான். காலக்கணக்கைக் கண்டிப்பாக எழுதிவராத ஆட்டம் பொருளற்றது என்று 1979இல் வெளிவந்த வழிகாட்டி நூலில் கைகாக்ஸ் வலியுறுத்தினார். அந்நூலில் வயதுக்கென ஓர் அட்டவணையும் உண்டு. நடுவயது கடந்தால் வலிமை குறையும். அறிவும் விவேகமும் கூடும். நல்ல விதிதான். ஆயினும் நடைமுறையில் அவ்வாட்டத்து வீரர்களுக்கு முதுமை பெரும்பாலும் வேறு வழியாகவே வந்தது. பேயொன்றைக் கண்டு அஞ்சினால் நொடியில் பத்து வயது ஏறிவிடும். விரைவு தரும் மந்திரத்துக்கு ஆட்பட்டால் ஓராண்டு கழிந்துவிடும். அங்கே முதுமை ஒரு தண்டனை.

1977இல் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' என்னும் விண்வெளி ஆட்டம் வேறு விதமானது. அதில் பாத்திரம் நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிந்து தேர்ச்சி பெறும். கூடுதலாகப் பணிபுரிந்தால் கூடுதல் திறமை. ஆனால் முப்பத்து நான்கு வயது தொடங்கி உடல் தேயலாம் என்பது விதி. திறமைக்கு விலை வயது. உங்கள் அத்தா வெளிநாட்டில் உழைத்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், இவ்விதியின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றினும் சிறந்த விதி கிரெக் ஸ்டாஃபோர்டு 1985இல் வெளியிட்ட 'பெண்ட்ராகன்' ஆட்டத்தில் இருக்கிறது. அங்கே பொதுவாக ஆண்டுக்கு ஒரு வீரச்செயல். பின்னர் குளிர்காலம் வரும். வீரன் வீடு திரும்புவான். குடும்பத்தில் பிறப்பு, இறப்பு, விளைச்சல் ஆகியவை கணக்கிடப்படும். வயது ஒன்று கூடும். முப்பத்தைந்து கடந்தால் உடல் தளரத் தொடங்கும். ஒருநாள் அவ்வீரன் மடிவான், அல்லது ஓய்வு பெறுவான். ஆட்டம் நிற்காது. அவன் மகன் தொடர்வான். ஸ்டாஃபோர்டு வகுத்த பெருங்கதை ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு விரிகிறது; எந்த ஒரு வீரனாலும் அதைத் தனியே கடக்க இயலாது.

மகனுக்குக் கிடைப்பது என்ன தெரியுமா? தந்தை ஈட்டிய புகழில் பத்தில் ஒரு பங்கு. எஞ்சிய ஒன்பது பங்கை அவனே உழைத்துப் பெற வேண்டும்.

இம்முறையில் ஆடுவது எளிதன்று. பல மாதங்கள் வளர்த்த பாத்திரத்தைத் தளரவிட்டு, கைமாற்றிவிட மனம் வருவதில்லை. தம் வயதை மறப்பதற்காகவே ஆட வந்தோம் என்பாரும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் வயது ஏறாத வீரனுக்கு மகன் தேவையில்லை, மாணவன் தேவையில்லை, எதையும் எவருக்கும் விட்டுச்செல்ல வேண்டியதில்லை. முதுமையை விலக்கிய கதை, வாரிசையும் விலக்கிவிடுகிறது.

நம் கதைமரபு

இந்த உண்மையை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். உருது மொழியில் கதைசொல்லிகள் இரவிரவாகச் சொல்லிவந்த அமீர் ஹம்சா கதை, இலக்னோவின் நவல்கிஷோர் அச்சகத்தில் 46 பெருந்தொகுதிகளாக விரிந்தது. ஹம்சா ஒருவரால் மட்டும் அதைச் சுமக்க முடியவில்லை. அவருடைய மக்களும் பேரர்களும் களத்தில் இறங்கினர். ஆயிரத்தொரு இரவுகள் கதையிலோ, வயது ஏறுவது கதை சொல்பவளுக்கே. பதிப்புகள் சிலவற்றின்படி, இறுதி இரவில் ஷஹ்ராசாத் மூன்று குழந்தைகளோடு மன்னன் முன் நிற்கிறாள்.

நம் வீட்டுக் கதை

வாசகர்களே! உங்கள் பிள்ளைகள் இன்று கைப்பேசியில் ஆடும் ஆட்டங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அவற்றுள் பலவற்றில் வீரன் வீழ்ந்த மறுநொடியே அதே இளமையோடு எழுந்து நிற்கிறான். இத்தகைய கதைகளையே கண்டு வளரும் பிள்ளைக்கு, திண்ணையில் அமர்ந்திருக்கும் நன்னா தொடக்கத்திலிருந்தே கிழவராகத் தோன்றுவதில் வியப்பில்லை. பெரிய பழுவேட்டரையரை நாம் பார்த்ததுபோலவே அவனும் பார்க்கிறான். விழுப்புண் தெரிகிறது, போர் தெரிவதில்லை.

இதற்கு மருந்து நம் கையில் இருக்கிறது. நன்னாவையும் நன்னியையும் தம் கதையை ஆண்டுக் கணக்கோடு சொல்லச் செய்யுங்கள். எந்த வயதில் ஊரை விட்டுப் புறப்பட்டார், எந்த வயதில் கடை வைத்தார், எப்போது முதல் நரை கண்டார், கடையை மகனிடம் கொடுத்தபோது மனம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். பிள்ளைகள் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். கடைசிப் பக்கங்களை வெறுமையாக விட்டுவைக்கச் சொல்லுங்கள். அவை அவர்களுடைய ஒன்பது பங்கு.