வேருக்குள் தங்கிவிடும் சுண்ணாம்பு

ரூட் கெனால் சிகிச்சைக்கு அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லி அனுப்பினால், அந்த இடைப்பட்ட நாட்களில் பல்லின் வேருக்குள் பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடு பசைதான் இருக்கும். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் வேதியியல்படி இதேதான். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் 1920இல் இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். இதன் பி.எச். அளவு ஏறக்குறைய 12.5, அவ்வளவு காரத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைப்பதில்லை. ஆனால் நிரந்தரமாக வேரை அடைக்கும் நாளில் இந்தப் பசை வெளியே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடைப்புப் பசை வேர்ச்சுவரின் நுண்துளைகளுக்குள் இறங்காது. அதிலும் யூஜினால், அதாவது கிராம்பு எண்ணெயின் சத்து, கலந்த அடைப்புப் பசையாக இருந்தால், மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து பொரபொரவென்று ஆகிவிடும்.

வழக்கமான முறை, சிரிஞ்சில் மருந்து நீரை ஏற்றி மெல்லிய ஊசியால் பீய்ச்சுவது. இது மட்டும் போதாது என்பதே என் கட்சி. ஊசி முனையைத் தாண்டி நீர் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வேகத்தோடு போவதில்லை; வேரின் அடியில் சிக்கிய காற்றுக்குமிழும் வழியை மறிக்கிறது. வேரின் உட்குழாய் உருண்டையாக இருந்தாலாவது பரவாயில்லை. பல பற்களில் அது தட்டையாக, ஓரங்களில் மடிப்பும் சந்துமாக இருக்கிறது; பசை ஒளிந்துகொள்வது அங்கேதான். சரி, இன்னும் அழுத்திப் பீய்ச்சினால் என்ன என்று கேட்கலாம். உள்ளே போவது பெரும்பாலும் சோடியம் ஹைப்போகுளோரைட். அது வேர்நுனியைத் தாண்டிவிட்டால் முகம் வீங்கி, தாங்கமுடியாத வலி வரும். ஆகவே அழுத்தம் வழியல்ல, அசைவுதான் வழி.

இதைச் சோதிக்கும் விதம் சுவாரசியமானது. பிடுங்கிய பல்லை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, அடிவேரின் சுவரில் சின்னக் காடி ஒன்றைச் செதுக்கி, அதில் பசையை அடைத்து, பாதிகளை மறுபடி பொருத்திக் கழுவுகிறார்கள். பிறகு பிரித்து, காடியில் எவ்வளவு மிச்சம் என்று உருப்பெருக்கிப் பார்க்கிறார்கள். 2007இல் வெளியான அப்படியொரு ஆய்வில், 2 சதவீத ஹைப்போகுளோரைட்டை அல்ட்ராசானிக் கம்பியால் அதிரவைத்தபோது, அதே நீரை வெறும் ஊசியால் செலுத்தியதைவிட நன்றாகச் சுத்தமானது. வெறும் தண்ணீரை அதிரவைத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அசைவும் வேண்டும், நீரும் சரியானதாக வேண்டும். கம்பி விநாடிக்கு 25,000 முதல் 30,000 தடவை அதிர்ந்து நீரைச் சுழலவைக்கிறது. அதைவிட மிகக் குறைந்த வேகத்தில் துடிக்கும் சானிக் கருவிகளின் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. உடல் சூட்டில் வளைந்து சுவரைத் தேய்க்கும் நிக்கல்-டைட்டானியக் கம்பியும், முனையைப் பல்லின் மேல்குழியில் மட்டும் வைத்து இயக்கும் எர்பியம் லேசரும் வந்துவிட்டன. எதுவானாலும் அடிவேரை எப்போதும் முழுக்கத் துடைத்துவிடுகிறது என்று சொல்வதற்கில்லை.

இதெல்லாம் ஆய்வுக்கூடக் கதை, நோயாளியின் பல் கூடுதல் காலம் நிலைப்பதாக நிரூபணம் உண்டா என்பது நியாயமான கேள்வி. செதுக்கிய காடி இயற்கையான சந்து அல்ல. சுத்தமான காடிக்கும் நீடிக்கும் பல்லுக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. லட்சக்கணக்கில் கொடுத்து லேசர் வாங்க இந்தச் சான்று போதாது என்பேன். ஆனால் பல் கறை எடுக்கும் அல்ட்ராசானிக் கருவி பல கிளினிக்குகளில் ஏற்கெனவே இருக்கிறது. பொருத்தமான முனையை மாட்டினால் அதுவே போதும்.

கருவிப் பேச்சில் அமுங்கிப்போவது பசையின் சேர்மானம். சென்னைப் பல் மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட சி.டி. ஸ்கேன் ஆய்வில், தண்ணீரில் குழைத்த பசையை, கழுவப் பயன்படுத்திய ஈ.டி.டி.ஏ., சிட்ரிக் அமிலம் இரண்டுமே நன்றாக நீக்கின. சிலிகான் எண்ணெயில் குழைத்த மெட்டாபெக்ஸ் என்ற பசையை நீக்குவதில் சிட்ரிக் அமிலமே மேலாக இருந்தது. எண்ணெய்ப் பசை பால்பற்களில் நிரந்தரமாகவே வைத்து அடைக்கப்படுவது. அங்கே திரும்ப எடுக்கும் வேலையே இல்லை. ஒரு வாரத்தில் வழித்தெடுக்க வேண்டிய நிலைத்த பல்லுக்குள் அதை நிரப்புவதற்குத்தான் எனக்குக் காரணம் தெரியவில்லை.