நுரையீரல் அறுவை சிகிச்சைக்கு முன் மூச்சுப் பயிற்சி எதற்கு?

வலது நுரையீரலில் 3 மடல்கள், இடது பக்கம் 2. புற்றுநோய்க் கட்டியோடு பெரும்பாலும் ஒரு முழு மடலையே அகற்றுவார்கள். மிச்சமுள்ள பகுதிதான் எல்லா வேலையையும் பார்க்க வேண்டும். வலிக்குப் பயந்து ஆழ மூச்சு விடாமல் இருந்தால், சளி தேங்கி நிமோனியா வரலாம்.

ஆகவே காத்திருக்கும் வாரங்களைப் படுத்தே கழிக்காதீர்கள். மருத்துவர் சம்மதித்தால் தினமும் நடங்கள். வயிறு உப்பும்படி மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். மருத்துவமனையில் தரும் பந்துக் கருவியை ஊதக்கூடாது. பந்து மேலே எழும்படி காற்றை உள்ளே இழுக்க வேண்டும். தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமப் பழகுங்கள்.

புகைப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள். மலேசிய அரசாங்கக் கிளினிக்குகளில் எம்குவிட் சேவை உதவும். பயிற்சியின்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால், உடனே நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள்.