பழைய லேண்ட் ரோவரும் பின் சக்கர பிரேக்கும்

பத்து பெரண்டாம் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லேண்ட் ரோவர் என்றாலே துரையின் வண்டிதான் நினைவுக்கு வரும். அதன் சத்தம் கேட்டதும் மரத்தடிப் பேச்சு அடங்கிவிடும்! துரைமார் காலம் மலையேறிவிட்டது; வண்டி மட்டும் சாகவில்லை. 1948இல் முதன்முதலாக வெளிவந்த இந்த வண்டியின் மூன்றாவது வரிசை 1985 வரை தயாரானது. அப்படி ஒன்றைத் தேடி வாங்கி, டுரியான் கூடை ஏற்றவோ ஆசைக்கோ வைத்திருக்கும் அன்பர்களுக்குத்தான் இக்கட்டுரை.

பிரேக் கட்டையை மாற்றுவது பெரிய வித்தையன்று. கைப்பழக்கம் உள்ள எவரும் செய்யலாம். ஆனால் உயிர் போகும் இடம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரில் கைபிரேக்கை இழுத்தால் பெரும்பாலும் பின் சக்கரங்கள் பிடிபடும். பழைய லேண்ட் ரோவரில் அப்படியில்லை. அதன் கைபிரேக், கியர் பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குச் செல்லும் தண்டைத்தான் பிடிக்கிறது. ஜாக்கி வைத்து ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினீர்களானால், டிஃபரன்ஷியல் காரணமாக அது ஒரு பக்கமும் தரையிலுள்ள மற்றது எதிர்ப்பக்கமும் சுழலும். கைபிரேக் இழுத்தபடியே இருக்க, வண்டி ஜாக்கியைவிட்டு நழுவி இறங்கும். கியர் போட்டாலும் இதே கதைதான். ஆகவே சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டிற்கும் முன்னும் பின்னும் கனமான கட்டை கொடுங்கள். தூக்கிய பிறகு அச்சுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். செங்கல் அடுக்குவது வேண்டாம், அது நொறுங்கும்.

பின்தகட்டிலுள்ள அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் மூன்று திருகுகளையும் கழற்றுங்கள். துரு பிடித்து வர மறுத்தால் மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டுங்கள். டிரம் கழன்றதும் உள்ளே கரும்பொடி தெரியும். வாயால் ஊதாதீர்கள்; காற்றுக் குழாயும் பிடிக்காதீர்கள். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் உண்டு. அதன் தூசு நுரையீரலில் தங்கினால் இருபது, முப்பது ஆண்டு கழித்தும் புற்றுநோயாக வெளிப்படலாம். கல்நார் வேலைகளுக்கென்றே 1986இல் நம் நாட்டில் விதிமுறைகள் வந்தன. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். வேலைச் சட்டையை உதறி வீட்டுத் துணியோடு ஊறவைக்க மனைவியிடம் கொடுப்பது அவருக்கும் ஆபத்து.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைப் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளை என்று மறந்தால் மறுபக்கம் பார்த்துக்கொள்ளலாம். கட்டை கழன்றிருக்கும்போது பிள்ளைகள் வண்டிக்குள் ஏறி பிரேக்கை மிதித்துவிடக் கூடாது. சிலிண்டரின் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும். ட்யூப் ரப்பரை அறுத்துப் பிஸ்டனைச் சுற்றிக் கட்டிவிடலாம். நம் ஊரில் ரப்பருக்கா பஞ்சம்!

சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் கசிந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். கட்டை கியர் எண்ணெயில் ஊறியிருந்தால் குற்றம் அச்சின் ஆயில் சீலில். பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவார்கள் சிலர். சூடேறியதும் ஊறிய எண்ணெய் மேலே வந்துவிடும். சீலை மாற்றாமல் புதுக் கட்டை போடுவதும் வீண் செலவு. கட்டையை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால், மழையில் நனைந்த செம்மண் இறக்கத்தில் வண்டி ஒருபுறமாக இழுக்கும்.

எஞ்சின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ பிரேக் ஆயிலோடு சேரவே கூடாது, ரப்பர்கள் ஊதிவிடும். திறந்து வைத்த பிரேக் ஆயில் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; புதிய டின்னையே வாங்குங்கள். காற்றை வெளியேற்றும்போது இடது பின் சக்கரத்தில் தொடங்குங்கள். அதுதான் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரம். அட்ஜஸ்டரைச் சக்கரம் பிடிக்கும்வரை முறுக்கி, தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்துங்கள். மிதி கல்லைப் போல நின்றால் சரி; பஞ்சு போல இறங்கினால் இன்னும் காற்று இருக்கிறது.

முதல் ஓட்டம் ஆளில்லாத சமதரைப் பாதையில், மெதுவாக. சில நாள் ஓடிப் புதுக் கட்டை படிந்தபின் அட்ஜஸ்டரை இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட வேண்டும்.